காஞ்சனபுரியில் எடுத்த 22 படங்கள்

2002ஆம் ஆண்டு நவம்பர் மாத முதல் வாரத்தில் நான் தாய்லாந்தில் இருந்தேன். இலங்கை அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான இரண்டாவது சுற்றுப் பேச்சுவார்த்தை, பாங்கொக் நகருக்கு மேற்கே நகோன் பத்தோம் மாகாணத்திலுள்ள ரோஸ் கார்டன் விடுதியில் ஒக்டோபர் 31ஆம் திகதி ஆரம்பமாகி நவம்பர் 3ஆம் திகதி நிறைவுபெற்றது. உள்ளே பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது வெளியே காத்திருப்பதுதான் செய்தியாளனின் வேலை. நான்கு நாட்கள் காத்திருந்தோம். இறுதி நாளன்று செய்தியாளர் மகாநாடு முடிந்து, செய்தியை அனுப்பி வைத்த பின்னர், கொழும்புக்கு விமானம் ஏறுவதற்கு இன்னும் ஒரு முழுநாள் கையில் மிஞ்சியிருந்தது.

அந்த ஒரு நாளில் கடைத்தெருக்களுக்குப் போவதென்று சிலர் தீர்மானித்தார்கள். நானும், கொழும்பில் ஒரு சிங்களப் பத்திரிகையில் பணியாற்றிய நண்பரும், மற்றுமொருவரும் சேர்ந்து ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு காஞ்சனபுரிக்குப் புறப்பட்டோம். நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். ஊரின் பெயரைக் கேட்டவுடனேயே தமிழ் வாசகர்களுக்குப் பொருள் விளங்கிவிடும். பொன்னகரம் என்று சொல்லலாம். உலகம் அந்த ஊரை அறிந்திருப்பது பொன்னுக்காக அல்ல. சயாமையும் பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் அமைத்த மரண ரயில் பாதைக்காகவே அறிந்திருக்கின்றது.

டிஜிட்டல் கமரா எங்களைப் போன்றவர்களின் கைக்கு இன்னும் வந்து சேராத காலம் அது. என்னிடம் இருந்தது 36 படங்கள் எடுக்கக்கூடிய ஒரே ஒரு பிலிம் சுருள். அதில் 14 படங்களைப் பேச்சுவார்த்தைக்காரர்கள் கைகுலுக்குவதையும் புன்னகைப்பதையும் எடுத்து முடித்திருந்தேன். எஞ்சியவை 22. இருபது வருடங்களுக்கு மேலாக ஓர் அல்பத்தில் கிடந்த அந்த 22 படங்களைத்தான் இப்பொழுது வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகின்றேன். கைகுலுக்கிய 14 படங்களைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. அந்தக் கைகுலுக்கல்கள் எங்கே போய் முடிந்தன என்பதை எல்லோரும் அறிவர்.

முதல் ஆறு படங்களும் பாலத்தின் படங்கள். அங்கே போகின்ற எல்லோரும் எடுப்பது போலவே நானும் எடுத்திருக்கின்றேன். கரிய இரும்புப் பாலம். வளைந்த மேற்பகுதியைக் கொண்ட இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்க, நடுவில் இரண்டு மட்டும் நேர்கோட்டு வடிவில் இருக்கின்றன. வளைந்தவை ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பொருத்தியவை. நடுவில் உள்ளவை, நேசநாடுகளின் விமானங்கள் குண்டுவீசித் தகர்த்த பகுதிக்குப் பதிலாக யுத்தத்தின் பின்னர் ஜப்பான் கொடுத்தவை. ஒரு படத்தில் தண்டவாளத்தின் நடுவே நான் நிற்கின்றேன். அப்பொழுது தலையில் முடி இருந்தது. அந்தப் படத்தை எடுத்தவர் சிங்கள நண்பர்.

அவர் யட்டியாந்தோட்டைப் பக்கத்தைச் சேர்ந்தவர். பாலத்தைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டு, "எங்களுடைய பாலம்தான் இதைவிட வடிவு" என்றார். இந்தப் பகிடியை இலங்கையர்களால் மட்டுமே விளங்கிக்கொள்ள முடியும். பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952இல் எழுதிய நாவலை டேவிட் லீன் திரைப்படமாக எடுத்தபோது படப்பிடிப்புக்குத் தெரிவு செய்யப்பட்ட இடம் தாய்லாந்து அல்ல. எங்கள் களனி கங்கை ஓடுகின்ற கித்துல்கல. அங்கே மரத்தால் கட்டப்பட்ட பிரமாண்டமான பாலம் 1957இல் கமராக்களின் முன்னால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. நண்பரின் தகப்பனார் அந்தப் பாலத்துக்கு மரம் சுமந்தவராம். ஒவ்வொரு கிழமையும் சம்பளம் தவறாமல் கிடைத்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படங்கள் ஓடுகின்ற ரீகல் தியேட்டரில் நானும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கின்றேன். கைதிகள் விசிலடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் காட்சிக்குத் தியேட்டரே சேர்ந்து விசிலடித்தது. ஒரு பிரித்தானிய அதிகாரிக்கும் ஒரு ஜப்பானிய அதிகாரிக்கும் இடையிலான மானப் பிரச்சினைதான் கதை. மரண ரயில் பாதையில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லர், ஆசியத் தொழிலாளர்கள், அவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள் என்பதை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த எங்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. திரைப்படத்தின் செல்வாக்கு எத்தகையது என்பதற்கு இன்னுமோர் உதாரணமும் உண்டு. பாலம் இருந்தது மே குளோங் என்ற ஆற்றின் மேல். குவாய் ஆற்றுப் பாலம் எங்கே என்று கேட்டுக்கொண்டு உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியதும், தாய்லாந்து அரசாங்கம் 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்குக் குவாய் யாய் என்று பெயரையே மாற்றிவிட்டது.

பாதை அமைக்கப்பட்ட காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 1942இல் பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், அங்கிருந்த தங்கள் படைகளுக்கு மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் பொருட்களை அனுப்பவேண்டியிருந்தது. நேசநாடுகளின் நீர்மூழ்கிகள் அந்தக் கடல்வழியை ஆபத்தாக்கின. அதற்கு மாற்றாகத் தாய்லாந்தின் பான் பொங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை காடுகளையும் மலைகளையும் ஊடறுத்து 415 கிலோமீற்றர் நீளமான ரயில் பாதை அமைக்கப்பட்டது. 1942இன் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபர் 17ஆம் திகதி இரு முனைகளும் சந்தித்தபோது முடிந்தது. பிரித்தானியர், அவுஸ்திரேலியர், ஒல்லாந்தர், அமெரிக்கர் என 60,000க்கும் அதிகமான போர்க்கைதிகள் அதில் வேலை செய்விக்கப்பட்டார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரொமுஷா என்று ஜப்பானியர் அழைத்த ஆசியத் தொழிலாளர்களின் தொகை இரண்டு இலட்சத்தை அண்மித்தது அல்லது அதைத் தாண்டியது. அவர்களில் இறந்தோர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. பர்மியரும் ஜாவானியரும் மலாய்க்காரரும் சீனரும் அவர்களுள் அடங்குவர்.

மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள் 75,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள். பதிவுகளில் அகப்பட்ட மரணங்களை மட்டும் கூட்டினாலே மலாயாவைச் சேர்ந்தோரில் ஏறத்தாழ 30,000 பேர் வருகின்றார்கள். உண்மைத் தொகை 40,000 ஆக இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். ஒன்றரை இலட்சம் தமிழர் மாண்டனர் என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதுவோரையும் நான் கண்டிருக்கின்றேன். அரை நூற்றாண்டாக எண்களோடு மாரடித்த பழைய பத்திரிகைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உள்ள எண்ணிக்கையே போதிய கொடுமையானது.

அடுத்த 11 படங்களும் யுத்த மயானத்தின் படங்கள். பிலிமில் பாதியை அங்கேதான் செலவழித்திருக்கின்றேன். அங்கே போனவர்களுக்கு அதன் காரணம் புரியும். ஊரின் நடுவில், பிரதான வீதியோரத்தில், வெட்டிச் சீராக்கிய பசும் புல்வெளியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. 5,000க்கும் மேற்பட்டோர் பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் ஏனைய பொதுநலவாய நாடுகளையும் சேர்ந்தவர்கள். 1,900 பேர் வரை ஒல்லாந்தர். ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது. அதன் கீழே குடும்பத்தவர் எழுதி அனுப்பிய ஒரு வரி. கல்லறைகளுக்கு இடையே பூச்செடிகள். ஓய்ந்த முகங்கொண்ட ஒரு தாய்லாந்துப் பெண் கையில் சிறிய கத்தரியோடு குந்தியிருந்து புல்லின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு படத்தில் இருக்கின்றார். வயதுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 22. 24. 21. 31. 23.

காட்டுக்குள் செத்தவர்கள் எப்படி இங்கே பெயரோடு வந்து சேர்ந்தார்கள் என்ற கேள்வி எனக்கு அப்போதே எழுந்தது. பின்னர் வாசித்து அறிந்தேன். முகாம்களில் இருந்த கைதிகள் தங்களுள் யார் இறந்தாலும் பெயரையும் திகதியையும் புதைத்த இடத்தையும் இரகசியமாக எழுதி வைத்தார்கள். வரைபடங்களைக் கீறினார்கள். அவற்றைப் போத்தல்களில் இட்டு நிலத்தில் புதைத்தார்கள். யுத்தம் முடிந்து சில கிழமைகளுக்குள், 1945 செப்டெம்பரில், 13 பேர் கொண்ட ஒரு தேடற்குழு பாதை நெடுகிலும் சென்று மூன்று வாரங்களுக்குள் 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளங் கண்டது. அங்கிருந்து எடுக்கப்பட்டவர்களே காஞ்சனபுரியிலும், அருகிலுள்ள சுங்கையிலும், பர்மாவின் தன்பியூசயாட்டிலும் அடக்கம் செய்யப்பட்டார்கள். அமெரிக்கர் தம்மவரைத் தம் நாட்டுக்கே எடுத்துச் சென்றார்கள். ஒரு அரசு தன் குடிமகனின் எலும்பைத் தேடி எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்தப் புல்வெளியில் காணலாம். அதைப் பார்த்து எனக்கு மதிப்பு ஏற்பட்டதே தவிரப் பொறாமை ஏற்படவில்லை. அந்த இளைஞர்களும் அடிமைகளாக வதைபட்டுத்தான் இறந்தார்கள்.

ஆயினும் அந்தப் 11 படங்களிலும் ஒரு தமிழ்ப் பெயர் இல்லை.

இங்கே என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மலாயாப் பென்சன்காரர்கள் என்று ஒரு வர்க்கம் இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். என் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். ஆங்கிலம் படித்துவிட்டு 1920களின் இறுதியில் கப்பலேறி, மலாயா ரயில்வேயில் கிளார்க்காகச் சேர்ந்தவர். ஜப்பானியர் காலத்தில் பேராக்கின் வடபகுதியில் ஒரு சிறிய ஸ்டேசனில் இருந்தார். ஊருக்குத் திரும்பிய பின்னர் வெள்ளை வேட்டியும் குடையுமாகத் திரிந்த அந்த மனிதர், யுத்தகாலத்தைப் பற்றி அரிசிப் பஞ்சத்துக்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் அப்பால் ஒன்றும் கதைக்கமாட்டார்.

மேற்சொன்ன திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு, அவரிடம் ஆர்வத்தோடு அதைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கடை ஸ்டேசனாலைதான் தம்பி அந்தச் சனத்தைக் கொண்டுபோனவங்கள்" என்றார். எந்தச் சனம் என்று கேட்டேன். "தோட்டத்துச் சனங்கள். இரவிலைதான் வரும். சாமான் ஏத்துற இரும்பு வாகன். எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க நிப்பாட்டுவினம். அவையளுக்கு ரிக்கற் இல்லைத் தானே. வாகனுக்கு எத்தினை தலை எண்டுதான் நான் எழுதுறது." உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டுச் சத்தம் போடுவார்கள் என்றும், கதவைத் திறக்க விடமாட்டார்கள் என்றும் சொன்னார். எழுதிய தலைகளில் எத்தனை திரும்பி வந்தன என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவுமில்லை. அவர் 1970களின் தொடக்கத்தில் காலமானார். மலாயா ஸ்டேசன் பிளற்போமில் வெள்ளைக் காற்சட்டையோடு அவர் நிற்கின்ற ஒரே ஒரு படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு அதுவும் போயிற்று.

மலாயாவில் யாழ்ப்பாணத்தவர் கிளார்க்குகளாகவும் ஸ்டேசன் மாஸ்ரர்களாகவும் ஆஸ்பத்திரி டிரெசர்களாகவும் இருந்தார்கள். தமிழகத்திலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட தொழிலாளர்கள் ரப்பர் மரங்களின் கீழே இருந்தார்கள். மொழி ஒன்று, சைவம் ஒன்று. ஆனால் ஒருவர் வீட்டு வாசலில் மற்றவர் இருந்து சாப்பிட்டதில்லை. சயாமுக்குச் சென்ற ரயில்களைப் பற்றிய நினைவு எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஏன் இல்லாமற் போயிற்று என்பதற்கு ஜப்பானியரை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. தோட்டத்துச் சனங்கள் என்ற அந்தச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அதே சொல்லை எங்கள் தீவின் மலைநாட்டிலிருந்த தமிழருக்கும் நாங்கள் பயன்படுத்தினோம். 1948இல் அவர்களுடைய குடியுரிமை பறிபோனபோது எங்களில் எத்தனை பேருக்கு உறக்கம் கெட்டது என்பதையும் நாங்கள் அறிவோம்.

தோட்டத் தொழிலாளர்கள் ஏன் போனார்கள்? யுத்தம் வந்ததும் ரப்பருக்குச் சந்தை இல்லை. தோட்டங்களில் வேலை நின்றது. துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். அரிசி இல்லை. அந்த நிலையில்தான் சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டொலர் சம்பளம், சாப்பாடும் இருப்பிடமும் இலவசம் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். முதலில் நம்பிப் போனார்கள். சிலர் மனைவி பிள்ளைகளையும் அழைத்துச் சென்றார்கள். போனவர்களிடமிருந்து கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை என்றானதும் மற்றவர்கள் மறுத்தார்கள். அதன் பின்னர் பலவந்தம் தொடங்கியது. இலவசமாகப் படம் காட்டுவதாக அழைத்துக் கொட்டகைக் கதவை மூடி ஆட்களை ஏற்றிச் சென்ற கதையைத் தப்பி வந்தோர் பலர் சொல்லியிருக்கின்றார்கள். ரப்பர் காட்டில் பிடிபடாமல் ஒளிந்திருந்தவர்களும் உண்டு. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த பின்னர், இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்பதற்காகச் சேர்ந்த இளைஞர்களும் இருந்தார்கள். தேசபக்தியின் வரலாற்றில் இந்தக் காரணம் எழுதப்படுவதில்லை.

இரும்புப் பெட்டிகளில் நாட்கணக்கில் பயணம் செய்து பான் பொங்கில் இறங்கியவர்கள், அங்கிருந்து காட்டுக்குள் நடத்தப்பட்டார்கள். போர்க்கைதிகளுக்குச் சொந்தப் படை ஒழுங்கு இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், மருந்து இல்லாவிடினும் மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவேண்டும் என்று சொல்வதற்கு ஆட்கள் இருந்தார்கள். தொழிலாளர் முகாம்களில் இவற்றில் ஒன்றுமே இல்லை. 1943இன் மழைக்காலத்தில், வேலையை விரைவுபடுத்த ஜப்பானியர் அடித்து வதைத்த அதே மாதங்களில், கொலரா பரவியது. முகாம் முகாமாகச் செத்தார்கள். உயிர் பிரியும் முன்னரே குழியில் தள்ளப்பட்டவர்களைக் கண்டதாகப் போர்க்கைதிகள் எழுதியிருக்கின்றார்கள். தமிழர் பட்ட துன்பத்துக்கு ஆதாரமாக இன்று நாம் எடுத்துக்காட்டும் எழுத்துகளில் கணிசமானவை, பக்கத்து முகாமில் வதைபட்டுக்கொண்டிருந்த வெள்ளைக் கைதிகள் எழுதிய எழுத்துகளே.

படங்களும் அப்படித்தான். ஜோர்ஜ் அஸ்பினல் என்ற அவுஸ்திரேலியக் கைதி மடித்து மறைக்கக்கூடிய ஒரு சிறிய கமராவைக் காட்டுக்குள் கொண்டு சென்று, பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தும் முகாமைப் படம் எடுத்தார். ஜாக் சோக்கர் தாம் கீறிய சித்திரங்களை மூங்கில் குழாய்களுக்குள் ஒளித்து வைத்தார். ரொனால்ட் சேர்ல் கொலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் மறைத்து வைத்தார். காவலர்கள் அங்கே கிட்டவும் வரமாட்டார்கள் அல்லவா? தோட்டத் தொழிலாளியிடம் கமரா இல்லை. பென்சிலும் இல்லை. பெரும்பாலோருக்கு எழுத்தும் இல்லை. அவனைப் பற்றிய பதிவு என் பெரியப்பாவின் பேரேட்டில் இருந்த ஒரு எண் மட்டுமே. அந்தப் பேரேடும் இன்று எங்கும் இருக்கப் போவதில்லை.

மயானத்திலிருந்து ஜீத் யுத்த நூதனசாலைக்குப் போனோம். ஆற்றங்கரையில் ஒரு பௌத்த விகாரையின் பொறுப்பில் 1977இல் ஆரம்பிக்கப்பட்டது. கைதிகள் தங்கிய மூங்கில் கொட்டில்களைப் போலவே கட்டியிருக்கின்றார்கள். வெளியே நின்று இரண்டு படங்கள் எடுத்தேன். ஜீத் என்றால் என்ன என்று வாயிலில் நின்றவரிடம் விசாரித்தேன். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, தாய்லாந்து, ஒல்லாந்து ஆகிய நாடுகளின் ஆங்கிலப் பெயர்களிலுள்ள முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயராம். நூதனசாலை அமைத்த பிக்குவின் நோக்கம் நல்லது. வதைத்த நாட்டையும் வதைபட்ட நாடுகளையும் ஒரே பெயரில் சேர்த்திருக்கின்றார். ஆனால் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஜாவாவுக்கும் அந்தப் பெயரில் ஓர் எழுத்து இல்லை.

பின்னர் தாம் கிரசே என்ற இடத்துக்கு விரைந்தோம். செங்குத்தான பாறையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே மரக் கால்களின் மீது ரயில் பாதை வளைந்து செல்கின்றது. இன்றும் அதில் நாம் தொக் வரை ரயில் ஓடுகின்றது. அதற்கு அப்பால் பாதை கழற்றப்பட்டுவிட்டது. கைகளாலும் உளிகளாலும் மலையைப் பிளந்த இடமும், அதனருகே அவுஸ்திரேலிய அரசாங்கம் 1998இல் திறந்து வைத்த நூதனசாலையும் இன்னும் தொலைவில் இருந்தன. நேரம் போதவில்லை. மரப்பாலத்தில் இரண்டு படங்கள் எடுத்தேன். ஆறு மிக அழகாக இருந்தது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கின்றது. ஆனால் உண்மையிலேயே அழகாக இருந்தது.

அந்தப் பாதைக்கு இடப்பட்ட தண்டவாளங்களில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் ஒரு நீண்ட பகுதியைக் கழற்றியெடுத்து ஜப்பானியர் சயாமுக்கு அனுப்பினார்கள். மலாயாவில் அந்தப் பாதைகள் அமைந்த காலத்திலும் தமிழர் அங்கே மண் சுமந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பாதையைப் பிரித்தானியர் தாய்லாந்துக்கு விற்றார்கள். 1943 திறப்புவிழாவில் ஓடிய ரயில் எஞ்சின் இப்பொழுது தோக்கியோவில், யசுகுனி ஆலயத்தின் நூதனசாலையில் துடைத்து மினுக்கப்பட்டு நிற்கின்றது. எஞ்சினுக்குக்கூட இலக்கம் தெரியும்: சி 56 வகை, 31.

ஆறும் பதினொன்றும் இரண்டும் இரண்டுமாக 21 படங்கள் முடிந்தன. ஒன்று மிச்சம். மாலையில் பாலத்தடிக்குத் திரும்பி வந்தபோது சாரதி வேனை நிறுத்த வேறு இடம் தேடிப் போனார். அந்த இடைவேளையில் சற்று நடந்தேன். வீதியோரமாக ஆட்கள் அதிகம் நுழையாத ஒரு சிறிய வளவினுள் சீமெந்தினால் கட்டிய நினைவுத்தூண் ஒன்று நின்றது. ஜப்பானிய ரயில்வேப் படையினர் 1944இல், அதாவது யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, பாதை வேலையில் இறந்தவர்களுக்காகத் தாங்களே எழுப்பிய தூண் அது. மூலைச் சுவர்களில் பல மொழிகளில் கல்வெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் தாண்டி மற்றொன்றுக்குப் போனேன். என் கண்களை நம்ப முடியவில்லை. தமிழ்.

நாள் முழுவதும் நான் அந்த ஊரில் கண்ட ஒரே தமிழ் எழுத்து, கொன்றவர்கள் வெட்டுவித்த எழுத்து. வெயில் இறங்கிவிட்டிருந்தது. கடைசிப் படத்தை அதற்குச் செலவழித்தேன். கை நடுங்கியதோ என்னவோ, படம் அசைந்துவிட்டது. எழுத்து தமிழ் என்று தெரிகின்றது. வாசிக்க முடியவில்லை. சிங்கள நண்பர் என்னிடம் என்ன எழுதியிருக்கின்றது என்று கேட்டார். செத்தவர்களின் ஆத்மா சாந்திக்காக என்று சொன்னேன். அவர் மீண்டும் ஒருமுறை அந்தத் தூணைப் பார்த்தார். திரும்பும் வழியில் வேனில் நாங்கள் மூவரும் அதிகம் பேசவில்லை.

இதுவரையில் சொன்னது நான் கண்டது. இனிச் சொல்வது காணாமல் விட்டது.

கொழும்புக்குத் திரும்பிப் பல வருடங்கள் கழிந்த பின்னரே, மலேசியாவிலிருந்து கிடைத்த சில எழுத்துகளின் மூலம் ஒரு விடயத்தை அறிந்தேன். நான் 11 படங்கள் எடுத்த யுத்த மயானத்துக்கு அருகே சீனர்களின் இடுகாடு ஒன்று இருக்கின்றது. அதற்கப்பால் தாவோன் வராராம் என்ற விகாரை. அந்த விகாரையின் வளவில், யுத்தத்தின் பின்னர் கண்டெடுக்கப்பட்ட பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களை வைத்து எழுப்பிய ஒரு தாது கோபுரம் நிற்கின்றது. நான் கண்ணீரோடு வயதுகளைக் கூட்டிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து சில நிமிட நடை. வழிகாட்டிப் புத்தகத்தில் அது இருக்கவில்லை. சாரதி சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை. உலகம் முழுவதும் கேள்வி கேட்டுப் பிழைத்த மனிதன், எங்கள் ஆட்களை எங்கே புதைத்தீர்கள் என்ற ஒரு கேள்வியை அந்த ஊரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. 1990இல் அதே ஊரில் ஒரு கரும்புத் தோட்டத்தினுள் நூற்றுக்கணக்கானோரின் எலும்புக்கூடுகளோடு ஒரு பெரும் புதைகுழி வெளிப்பட்ட செய்தியும், நான் அங்கே போவதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னரே வந்த செய்திதான்.

மலேசியத் தமிழர்கள் எங்களைப் போல் மறந்துவிடவில்லை. எழுத்தாளர் ஆர். சண்முகம் சயாம் மரண ரயில் என்ற பெயரிலேயே நாவல் எழுதினார். தப்பி வந்த முதியவர்களைத் தேடிச் சென்று அவர்களுடைய வாய்மொழியைப் பதிவு செய்தோரும், இழப்பீடு கோரி மனுக் கொடுத்தோரும் அங்கே இருக்கின்றார்கள். அவர்களுடைய முயற்சியின் பயனாக 2023 மே மாதத்தில், அந்த விகாரை வளவிலேயே, மாண்ட தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. எண்பது வருடங்கள் பிந்தி வந்த கல்.

அதன் படத்தைக் கோலாலம்பூரிலிருந்து நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பி வைத்தார். மாலை சாத்திய கல். சுற்றிலும் வெள்ளை வேட்டிகளும் சேலைகளும். முன்வரிசையில் கதிரையில் இருத்தப்பட்ட ஒரு முதியவர். அவருடைய தகப்பனார் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் என்று நண்பர் எழுதியிருந்தார். போகும்போது இந்தப் பிள்ளைக்கு ஒரு வயதாம். தகப்பனின் படம் ஒன்றும் வீட்டில் இல்லையாம்.

அந்தப் படத்தைப் பார்த்த பின்னர் என் பழைய அல்பத்தை எடுத்து, மயானத்தின் 11 படங்களையும் பூதக்கண்ணாடியின் உதவியோடு மறுபடியும் பார்த்தேன். ஒன்பதாவது படத்தில், கல்லறை வரிசைகளுக்கும் மரங்களுக்கும் பின்னால், இடப்பக்க மூலையில் ஏதோ ஒரு கூரையின் கூர்நுனி தெரிகின்றது. அது அந்த விகாரையா, வேறு கட்டடமா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அங்கே போகின்ற வாசகர்கள் எவரேனும் மயானத்தின் நடுவில் நின்று அந்தப் பக்கமாகப் பார்த்து எனக்கு எழுதினால் நன்றியுடையவனாவேன்.